அத்தைக்கு அப்பா போட்ட கோடி

எங்கள் அப்பாவை ஓர் இடத்தில் உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். தொண்ணூறைத் தாண்டி வெகு நாளான பிறகும் அப்படித்தான். விடிந்ததும் சூலூர் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு நடை. வந்து காபி குடித்த கையோடு தறிக் குடோன் பக்கம் ஒரு நடை. சோறு போட்டால் பாதியில் எழுந்து, எச்சில் கையோடு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

"யாருங்கப்பா வர்றாங்க?" என்று கேட்பேன்.

"யாருமில்ல கண்ணு. சும்மா."

அந்தச் 'சும்மா'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் மண்டும். நான் ஸ்பின்னிங் மில்லின் டைம் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். ஆள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்கு ரத்தத்திலேயே ஊறிப்போன விஷயம். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த மனுஷரைத் தேடிக்கொண்டு தெருத் தெருவாக ஸ்கூட்டரில் சுற்றுவதே என் பிழைப்பாகிவிட்டது.

அப்படிப்பட்டவரை ஒரு நாள் ஒரு கல்லூரிப் பெண் வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்து, இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பிடித்து வீடியோ எடுக்கிறாளாம். சட்டையில் ஒரு குட்டி மைக்கைக் குத்திவிட்டு, செல்போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினாள்.

"ஜெனரலுங்களப் பத்தியெல்லாம் எத்தனையோ புக் இருக்குங்க தாத்தா. உங்கள மாதிரி ரோடு போட்டவங்க, பாலம் கட்டுனவங்களப் பத்தி யாருமே எழுதலைங்க. நீங்க பேசுங்க" என்றாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க எங்க அம்மணி சுட்டோம்? சொமந்ததுதான் நெம்ப. பலகை, கம்பி, அரிசி மூட்டை, அப்பறம் ஆளு" என்றார்.

இந்த அளவு கூட அவர் எங்களிடம் பேசியதில்லை. "பர்மாவுல இருந்தேன், வந்தேன்." வீட்டில் பட்டாளத்துக் கதை என்றால் அவ்வளவுதான். அதற்கு மேல் எங்களுக்குத் தெரிந்தது அத்தை ஒருத்தர்தான்.

அத்தை அப்பாவுடன் பிறந்தவர் இல்லை. அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த சிநேகிதரின் மனைவி. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் வீடு. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் அந்தச் சிநேகிதர் கப்பல் ஏறினார். பர்மாவில் செத்துப்போனார். அப்பாதான் அங்கே காட்டில் விறகு பொறுக்கி அடுக்கிக் கொள்ளி வைத்தார். லீவில் வந்து அந்த வீட்டுக்குத் தகவல் சொன்னதும் அவர்தான். எங்களுக்குச் சொல்லப்பட்டது இது.

உடம்பு இல்லாததால் சிநேகிதரின் வேட்டி சட்டையை வைத்துக் காரியம் செய்தார்கள். எங்கள் பக்கம் புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைச் சீலை வர வேண்டும். கோடி என்போம். உடன்பிறந்தவன்தான் கொண்டுவந்து போட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு உடன்பிறந்தவன் இல்லை. நான் போடுகிறேன் என்று அப்பா முன்னால் வந்தார். அன்றைக்குப் பூவையும் பொட்டையும் எடுத்து, தாலியை வாங்கி, தலை மேல் கோடியைப் போட்டபோது அந்தப் பெண்ணுக்குப் பதினாறோ பதினேழோ வயது.

போட்டவர் அண்ணனாகிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் தேங்காய் பழம் வைத்து, பிறந்த வீட்டுச் சீலை என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். எல்லாமே வெள்ளை. "கூடப் பொறந்த தங்கச்சிக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று அம்மா முணுமுணுக்கும். ஆனால் அத்தை வந்தால் அம்மாவே கோழி அடித்துக் குழம்பு வைக்கும். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் நான் மணவறையிலிருந்து கண்ணால் தேடினேன். அத்தை சமையல் பந்தலில், பாத்திரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மணவறைக்குப் போகும் முன்னாலேயே கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "நல்ல நேரத்துல நா எதுக்கு கண்ணு குறுக்க? நீ போ" என்று கையை உருவிக்கொண்டார்.

அந்தக் கல்லூரிப் பெண் வீடியோ எடுத்தபோது நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். அப்பாவின் குரல் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஜப்பான்காரன் பின்னால வாரான். நாங்க கட்டுன பாலத்த நாங்களே வெடி வச்சு ஒடச்சுப்போட்டு நடக்கறோம். ரங்கூனுல இருந்து நம்ம சனமும் கூடவே நடக்குது. கொழந்தகுட்டி, சட்டிபானை எல்லாத்தோடயும். வெள்ளைக்காரச் சனம் லாரியில போவுது, நம்ம சனம் நடக்குது. ரோட்டோரத்துல செத்தவங்கள நகத்திப் போடக்கூட ஆளில்ல. கோவேறு கழுதைக்கு வச்சிருந்த கொள்ள ஊற வச்சுத் தின்னோம். மழை வேற புடிச்சுக்கிச்சு."

பிறகு அந்தச் சிநேகிதர் கதைக்கு வந்தார். நான் டம்ளரோடு கதவோரம் போய் நின்றேன். அவர் எரித்த கதையை அவர் வாயால் ஒரு தடவையாவது கேட்கலாமே என்றுதான் நின்றேன்.

"அவனுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. காச்சலும் வந்துபோச்சு. நானும் இன்னொருத்தனும் தாங்கலாப் புடிச்சுட்டு வந்தோம். காலு வீங்கி நடக்க முடியல. துரை வந்து பாத்தாரு. நடக்க முடியாதவங்கள ரோட்டோரம் உக்கார வைங்க, பின்னால லாரி வருது, ஏத்திக்கும்னாரு. ஒரு மரத்தடியில சாச்சு உக்கார வச்சேன். பூட்சக் கழட்டி உடுடா, வலிக்குதுன்னான். கழட்டிப் பக்கத்துல வச்சேன். என்ற தண்ணி பாட்டல அவன் மடியில வச்சேன். ரோடு வளையற எடத்துல திரும்பிப் பாத்தேன். உக்காந்துட்டுத்தான் இருந்தான்."

"லாரி வந்துச்சுங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தெரியாது அம்மணி."

"அப்ப அவரு எப்ப எறந்தாருங்க?"

"அதுந் தெரியாது. செத்துட்டான், நாந்தான் கொள்ளி வச்சேன்னு அவங்க ஊட்டுல சொல்லிப்போட்டேன். நா வைக்கல."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காபியைக் குடித்தாள். ரொம்ப நல்லா வந்திருக்கு, இப்பவே நெட்டில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போனதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்கப்பா! இத்தன வருசத்துல எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. முன்னப்பின்ன தெரியாத புள்ளகிட்ட மைக்கு வச்சுச் சொல்றீங்க?"

"அந்தப் புள்ள கேட்டுச்சு. நீங்க யாரு கேட்டீங்க?"

எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. எதுக்கு அப்படி ஒரு பொய் என்று கத்தினேன். அப்பா சட்டைப் பொத்தானை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"காணோம்னு மட்டுந்தான் பட்டாளத்துல இருந்து அவங்களுக்குச் சேதி போயிருந்துச்சு. நா போறப்ப அந்தப் புள்ளய ஊடே சேந்து வறுத்தெடுத்துட்டு இருந்துச்சு. பொட்டு வச்சா, யாருக்குக் காட்ட வச்சிருக்கறன்னு மாமியாக்காரி கேக்கறா. வெக்காம உட்டா, எம்பையனச் சாகடிக்கறயாங்கறா. பூ வச்சாத் தப்பு, எடுத்தாத் தப்பு. பாத்துட்டு நிக்க முடியல கண்ணு. அதுக்குள்ள அவங்கப்பன், எம்பையன உட்டுட்டு வந்துட்டயாடான்னு எல்லாத்து முன்னாலயும் கேட்டுப்போட்டாரு. வாயில அதுதான் வந்துச்சு."

"எரக்கப்பட்டுச் சொன்னீங்களா, பயந்துட்டுச் சொன்னீங்களா?"

"அதத்தான் நானும் யோசிச்சுட்டே இருக்கறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அத்தை வீட்டு நினைப்பு வந்தது. அத்தையை வைத்துப் பார்த்துக்கொள்கிற மருமகள், அதாவது அவருடைய கொழுந்தனார் மகனின் பெண்டாட்டி, சதா செல்போனும் கையுமாக இருப்பவள். சமையல் வீடியோவிலிருந்து சாமி வீடியோ வரை பார்க்கிறதை எல்லாம் எனக்கும் அனுப்பி உயிரை எடுப்பாள். இது அவள் கண்ணில் பட எத்தனை நேரமாகும்? நாளைக்குக் காலையில் அத்தையின் முகத்துக்கு நேரே அந்தச் செல்போனைப் பிடித்து, "அத்தை, உங்க அண்ணன் பேசறாரு பாருங்க" என்று காட்டுவாள்.

திருப்பூரில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். "அந்தப் புள்ளகிட்டச் சொல்லி மொதல்ல அழிக்கச் சொல்லு. அத்தைக்கும் தொண்ணூறு ஆச்சு. இனி எதுக்கு அந்தக் கருமம்? நிம்மதியாப் போவட்டும்" என்றான். அவன் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அந்தப் பெண்ணுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கார் பக்கத்தில் நிற்கிறார்.

"வண்டிய எடு கண்ணு. அது போனுல வர்றதுக்கு முன்னால நாம போயிரோணும்."

எடுத்தேன். ஏர்போர்ஸ் விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. அப்பா ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. கண்ணாடியை இறக்குவார், ஏற்றுவார். லாரிக்காரன் வழி விடாவிட்டால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். "இன்னுஞ் சித்த வெரசாப் போ" என்று என் முழங்கையைத் தட்டுவார். "தட்டாதீங்க, போயி எங்காச்சும் உட்டுருவேன்" என்று நானும் சத்தம் போட்டேன். அந்த வீடியோவை முந்திக்கொண்டு போவதற்கு எங்களிடம் இருந்தது ஒரு பழைய மாருதிதான்.

செட்டிபாளையத்துக்குள் நுழையும்போது போன் அடித்தது. அந்தப் பெண்தான். ஓரங்கட்டி நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். பாவம், பதறிப்போய்விட்டாள். "ஐயோ, எனக்குத் தெரியாதுங்க மேடம். இப்பவே எடுத்தர்றேன்" என்றாள். சொன்ன மாதிரியே எடுத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். யாரும் பெரிதாகப் பார்த்திருக்கவில்லையாம்.

அப்பாடா என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தேன். "எல்லாம் அழிச்சாச்சுங்கப்பா. இனி யாருக்குந் தெரியாது. ஒரு காபி குடிச்சுட்டுத் திரும்பிக்கலாம்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"போ கண்ணு. நிக்காத."

"எதுக்குங்க? அதான் வெளிய தெரியாதே."

"உங்க அத்தைக்குந் தெரியாதல்ல? நா செத்துப்போனா அத அவகிட்டச் சொல்ல ஆளே இல்லாமப் போயிருமல்ல? இத்தன நாளு அவ சோத்தத் தின்னுட்டு வந்தவன் நானு."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. யாருடைய நிம்மதிக்காகப் போகிறீர்கள், அத்தையுடைய நிம்மதிக்கா, உங்களுடையதற்கா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கியரைப் போட்டேன். ஒத்தக்கால்மண்டபத்தில் மெயின் ரோட்டைப் பிடித்தேன்.

தோப்புக்குள் கார் போய் நின்றபோது, அத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மருமகள் கொப்பரையைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா! வா கண்ணு! என்ன திடுதிப்புன்னு? பொங்கலும் இல்ல, நோம்பி நொடியும் இல்ல! ஏம்புள்ள, தண்ணி கொண்டா. உக்காருங்கண்ணா."

"நின்னுட்டே சொல்லிப்போடறேன் அம்மணி" என்றார் அப்பா.

மைக்குக்கு முன்னால் சரளமாக வந்த பேச்சு இங்கே வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நா கொள்ளி வைக்கல அம்மணி."

"யாருக்குங்கண்ணா?"

"உம்பட ஊட்டுக்காரனுக்கு. அவன் செத்ததையே நா பாக்கல. உசுரோட உக்கார வச்சுட்டு வந்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வயிற்றுப்போக்கு, கால் வீக்கம், துரை, மரத்தடி, ரோடு வளைகிற இடம். அத்தை ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. மருமகள் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா முடித்த பிறகு அத்தை முறத்தை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தார்.

"பூட்சக் கழட்டித் தள்ளி வச்சீங்களா, பக்கத்துல வச்சீங்களா?"

"கைக்கு எட்டறாப்பலதான் வச்சேன்."

"தண்ணி இருந்துச்சுங்களா?"

"பாட்டல் நெறைய இருந்துச்சு அம்மணி."

"அப்பறம் லாரி வந்துச்சுங்களா?"

"தெரியாது."

அத்தை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்று இருந்தது.

"தெரியாதுன்னே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்களேண்ணா."

"சொல்லியிருந்தா நீ காத்துட்டே இருந்திருப்ப. அந்த ஊட்டுல உன்ன உசுரோட தின்னுருப்பாங்க. எத்தன வருசம் காத்துட்டிருப்ப அம்மணி?"

"எத்தன வருசமானா என்னுங்க? அது எம்பட வருசமில்லீங்களா?"

அப்பா மேல் அந்த நொடியில் வந்த கோபம் மாதிரி என் ஆயுசில் எனக்கு யார் மேலும் வந்ததில்லை. அதே நேரம் அவரைப் பிடித்து ஒரு இடத்தில் உட்கார வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

அத்தை மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, சாமிகிட்ட இருக்கற குங்குமத்த எடுத்துட்டு வா."

"எதுக்குங்கத்தை?"

"வெக்கறதுக்குத்தான்."

மருமகளுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "என்னுங்கத்தை பேசறீங்க? இத்தன வயசுக்கு மேலயா? ஒறம்பரை சனமெல்லாம் சிரிக்காதுங்களா? அவரு வந்தா என்னை வைவாரு."

"செத்தத ஒருத்தருங் கண்ணால பாக்கல. நா எதுக்கு வெறும் நெத்தியோட இருக்கோணும்? நீ சொல்லு."

அவள் நகரவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சாமி அலமாரியில் இருந்த குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்து அத்தையின் முன்னால் குனிந்தேன். இந்த முகத்தை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அந்த நெற்றியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. சுருக்கத்தில் குங்குமம் சரியாக நிற்கவில்லை. விரலால் அழுத்தி வைத்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

என்ன நினைத்தாளோ, மருமகள் செல்போனை எடுத்து, முகம் தெரிகிற மாதிரி வைத்து அத்தையிடம் நீட்டினாள். அத்தை அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இப்பிடிக் கெழவியாப் போயிட்டனே கண்ணு" என்று என்னிடம் சொன்னார். "அவிய வந்து பாத்தா அடையாளந் தெரியுமா?"

அப்பா அப்படியே களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சின்னக் குழந்தை மாதிரி விசித்து விசித்து அழுதார். "என்னைய மன்னிச்சுப்போடு அம்மணி, என்னைய மன்னிச்சுப்போடு." அத்தை அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. செல்போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"நீங்க போங்கண்ணா" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரையும் 'போங்க' என்று சொல்லி அனுப்ப மாட்டோம். சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாதவர்களைக்கூட 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவோம். அத்தை அந்த 'வாங்க'வைச் சொல்வார் என்று அப்பா சேலை முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

நான்தான் அப்பாவைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். "போயிட்டு வாரேன் அம்மணி" என்று அவர் வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. காரில் ஏற்றி பெல்ட்டை மாட்டிவிட்டேன். கண்ணாடியை இறக்கவில்லை, ஏற்றவில்லை, கையை மடியில் வைத்தபடி இருந்தார்.

மெயின் ரோட்டுக்கு வந்த பிறகு வாயைத் திறந்தார்.

"அண்ணான்னு சொன்னா, கேட்டயா கண்ணு? போங்கண்ணான்னு."

"கேட்டேனுங்கப்பா."

"நெசமாச் சொன்னாளா?"

"சொன்னாங்க" என்றேன். வீடு வந்து சேரும் வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.